பந்தும் மனிதனும் – 6: வலி பொறுத்த தலைவர்

சென்ற வாரம் பிரேஸில் தேசத்துக் காரிஞ்சாவின் சரித்திரத்தைச் சொல்லி முடித்தோம். வளைந்த கால்களோடு பிறந்து, 1958லும் 1962லும் தம் நாட்டுக்கு உலகக் கோப்பையைப் பெற்றுத் தந்த அந்த மகா கலைஞர், குடியால் உடல் நலிந்து, 1983 ஜனவரியில், ஐம்பது வயதுகூட நிறையாத நிலையில் மாண்டுபோன விருத்தாந்தத்தைக் கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்து எழுதுகிறவன், குடியின் கொடுமை இன்னதென்று அறிய வேறெங்கும் போய்த் தேட வேண்டியதில்லை. 2024 ஜூன் மாதத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது அதிகமாக அழுத கருணாபுரம் இவ்வூருக்குள்ளேயே இருக்கிறது. ஆயினும் குடியென்பது கண்ணுக்குத் தெரிகிற வியாதி. வீட்டாருக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும், தடுக்க முடிந்ததோ இல்லையோ, தடுக்கவாவது நாலு பேர் முயன்றிருப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர்களுக்குக்கூடத் தெரியாமல் ஒரு மனிதனை உள்ளிருந்தே அரித்துத் தின்கிற துயரம் ஒன்று உண்டு. அத்துயரத்துக்கு இரையான ஒருவரைப் பற்றித்தான் இவ்வாரம் சொல்லப் போகிறேன். அவர் கடல் கடந்த தேசத்தவர் அல்லர். நம் அண்டை மாநிலத்தில் பிறந்து, நம் சென்னையில் உத்தியோகம் பார்த்து, நம் சென்னையிலேயே மறைந்தவர். பாரத தேசத்துக் கால்பந்துக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். அவர் பெயர் வி.பி. சத்யன்.

கேரளத்தின் கண்ணூர் ஜில்லாவில் 1965ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் தேதி சத்யன் பிறந்தார். மலபார்க் கரையோரத்தில் கால்பந்து என்பது பொழுதுபோக்கு அன்று. அறுவடை முடிந்த வயலெல்லாம் அங்கே மைதானம், அணிக்கு ஏழு பேர் ஆடும் ‘செவன்ஸ்’ பந்தயம் நடக்கும் இரவுகளில் ஊர் முழுதும் அங்கேதான் இருக்கும். அப்படிப்பட்ட மண்ணில் நல்ல உயரமும் உறுதியான தேகமும் வாய்த்த ஒரு பையன் பந்தின் பின்னே போனதில் ஆச்சரியமில்லை. ஆச்சரியம் யாதெனில், கோல் அடித்துக் கைதட்டு வாங்குவதையே எல்லாப் பையன்களும் விரும்புகிற வயதில், கோல் விழாமல் தடுக்கிற காரியத்தை அவர் தமக்கென எடுத்துக்கொண்டதுதான். ஆட்டக்காரர்களின் பாஷையில் அவர் ‘ஸ்டாப்பர் பேக்’. தற்காப்பு வரிசையின் நட்ட நடுவில் நின்று, எதிரியின் முன்னணி ஆட்டக்காரனைக் கட்டுப்படுத்துவதோடு, தம் பக்கத்தவர் பத்துப் பேரையும் குரலால் நடத்துகிற பொறுப்பு அந்த இடத்துக்கு உரியது.

இந்த இடத்தின் தன்மையை வாசகர்கள் சற்று மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் சத்யனின் வாழ்க்கையை அறிய அது உதவும். தண்ணீரைத் தாங்கி நிற்கிற வரையில் ஏரிக்கரையை நின்று பார்ப்பவர் எவருமில்லை, உடைப்பெடுத்த அன்றுதான் ஊரே கரையில் திரளும். தற்காப்பு ஆட்டக்காரனின் ஜாதகமும் அதுவே. எண்பத்தொன்பது நிமிஷம் அவன் தடுத்தவை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. தொண்ணூறாவது நிமிஷத்தில் நழுவவிட்ட ஒன்று மறுநாள் பத்திரிகையில் அவன் பெயரோடு வரும். ஆகவே தவறு நேராமல் காப்பது ஒன்றையே தர்மமாகக் கொண்டு, தன் பிழையைத் தானே பெரிதாக எண்ணி, தன் சிரமத்தைப் பிறருக்குக் காட்டாமல் இருக்கிற சுபாவம் அத்தகையோரிடம் இயல்பாகவே வளர்ந்துவிடுகிறது. மைதானத்தில் அது சிறந்த குணம். மைதானத்துக்கு வெளியே அதுவே ஆபத்தாகவும் முடியக்கூடும்.

கேரளப் போலீஸ் குழு சத்யனுக்குப் பெயரையும் சோற்றையும் ஒருங்கே தந்தது. இக்காலத்து இளைஞர்கள், ஆட்டக்காரன் என்றால் ஏலத்தில் கோடிகள் பெறுகிறவன் என்று நினைக்கக்கூடும். அக்காலத்து வழக்கம் வேறு. ரயில்வே, போலீஸ், மின்சார வாரியம், பாங்கு, துறைமுகம் முதலிய ஸ்தாபனங்கள் நல்ல ஆட்டக்காரனைத் தேர்ந்தெடுத்து வேலை கொடுக்கும். அவன் காலையில் பயிற்சி செய்வான், மாலையில் ஆடுவான், மாத முடிவில் குமாஸ்தாவுக்கோ காவலருக்கோ உரிய சம்பளத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவான். கூட்டமைப்புக் கோப்பை என்று தமிழில் சொல்லத்தக்க ஃபெடரேஷன் கோப்பைப் பந்தயம் 1977இல் தொடங்கியபோது முதற்கோப்பையை வென்றதே பெங்களூரின் ஐ.டி.ஐ. தொழிற்சாலைக் குழுதான் என்பதிலிருந்து அத்தகைய குழுக்களின் வலிமையை ஊகிக்கலாம். சத்யனோடு ஐ.எம். விஜயன், ஷரஃப் அலி, சி.வி. பாப்பச்சன், குரிகேஷ் மாத்யூ, கோல் காவலர் கே.டி. சாக்கோ ஆகியோர் சேர்ந்திருந்த கேரளப் போலீஸ் குழு, 1990இல் திருச்சூரில் கோவாவின் சல்காவ்கர் குழுவை வென்று அதே கோப்பையைக் கைப்பற்றியது. கேரளத்தைச் சேர்ந்த குழு ஒன்று அதை வென்றது அதுவே முதல் தடவை. மறு ஆண்டு, சத்யனின் சொந்த ஜில்லாவான கண்ணூரிலேயே, அக்கோப்பையைத் தக்க வைத்துக்கொண்டது.

தமிழ்நாட்டு ரசிகர்கள் அவரைக் கண்ணாரக் கண்ட முக்கியமான சந்தர்ப்பங்கள் இரண்டு. முதலாவது, 1992இல் கோயம்புத்தூரில் நடந்த சந்தோஷ் டிராஃபிப் பந்தயம். 1973இல் எர்ணாகுளத்தில் ரயில்வே குழுவை வென்றபின், பத்தொன்பது ஆண்டுகளாக அக்கோப்பை கேரளத்தின் கைக்கு எட்டாமலே இருந்தது. கோவையில் நடந்த இறுதி ஆட்டத்தில் கோவாவை மூன்று கோல் வித்தியாசத்தில், எதிரிக்கு ஒரு கோலும் கொடாமல் வென்று, பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து கோப்பையைக் கொண்டுபோன கேரளக் குழுவுக்குத் தலைவர் சத்யன். மூன்று கோல் அடித்தவர்களை மலையாள தேசம் தோள்மேல் தூக்கிக் கொண்டாடியது. ஒரு கோலும் விழாமல் காத்தவரையும் அன்று மறக்கவில்லை. இரண்டாவது, 1995 டிசம்பரில் சென்னை நேரு ஸ்டேடியத்தில் நடைபெற்ற தெற்காசிய விளையாட்டுப் போட்டி. அங்கே வங்க தேசத்தை வென்று பாரதக் குழு பொற்பதக்கம் பெற்றபோதும் தலைமை அவருடையதே. 1991 முதல் 1995 வரை தேசத்தின் கால்பந்துத் தலைவராக விளங்கிய அவர், இடையே கல்கத்தாவுக்குச் சென்று, லட்சம் கண்கள் பார்க்க ஆட வேண்டிய மோகன் பகான், மொகம்மதன் ஸ்போர்ட்டிங் ஆகிய புராதனக் கழகங்களின் சட்டையையும் அணிந்திருந்தார்.

இத்தனை கீர்த்திக்கும் அடியில் ஒரு வலி இருந்தது. காலில் நேர்ந்த பலத்த காயம் சத்யனை விட்டு அகலவே இல்லை. பந்தைத் தடுக்க எதிரியின் காலுக்குக் குறுக்கே தன் காலை நீட்டுகிறவனுக்குக் காயம் புதிதல்ல. ஆனால் ஆறாத காயத்தோடு ஓடுகிறவன் படுகிற பாடு வேறு. காலையில் படுக்கையிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கிறபோதே கணுக்காலும் முழங்காலும் அன்றைய தினத்தின் சமாசாரத்தைச் சொல்லிவிடும். பயிற்சிக்கு முன் கட்டு, ஆட்டத்துக்கு முன் ஊசி, ஆட்டம் முடிந்தபின் பனிக்கட்டி, இரவில் தூக்கமின்மை என்று அது ஒரு நித்திய கர்மாவாகவே ஆகிவிடும். இவ்வளவுக்கும் நடுவே குழுவின் தலைவன் நொண்டக் கூடாது. அவன் முகத்தைப் பார்த்துத்தான் மற்றப் பத்துப் பேர் தைரியம் கொள்கிறார்கள். சத்யன் வலியோடு ஆடினார் என்பதை அவரோடு ஆடியவர்களும் பார்த்தவர்களும் பெருமையோடு சொல்வதுண்டு. அந்தப் பெருமையைப் பற்றித்தான் நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் அவர் சென்னைக்கு வந்து இந்தியன் வங்கியில் சேர்ந்தார். அக்குழுவுக்காக ஆடி, கால்கள் ஓய்வு கேட்டபின் அக்குழுவுக்கே பயிற்சியாளராகவும் இருந்தார். வெளியிலிருந்து நோக்குகிறவர்களுக்கு அதைவிட நிறைவான வாழ்க்கை இல்லை: பாங்கு உத்தியோகம், பட்டணத்து வாசம், பிடித்த விளையாட்டை விட்டு விலகாத தொழில், மனைவி, மகள். ஆனால் இருபது ஆண்டுகளாக உடம்பே தன்னுடைய அடையாளம் என்று வாழ்ந்த ஒருவனுக்கு அந்த உடம்பு சொன்னபடி கேட்காமல் போகிற நாள், சாமானிய மனிதன் அறுபதில் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறுகிற நாளுக்குச் சமமானதன்று. ஓய்வு பெறுகிறவன் வேலையைத்தான் விடுகிறான். ஆட்டக்காரனோ முப்பத்தைந்து வயதுக்குள் தான் யார் என்று இதுகாறும் நம்பியிருந்ததையே விட்டுவிட வேண்டியிருக்கிறது. நேற்று ஸ்டேடியம் முழுவதும் கூவிய பெயர் இன்று வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கும். இந்த மாறுதலுக்கு ஆட்டக்காரனைத் தயார் செய்கிற ஏற்பாடு அன்று எந்தக் கழகத்திலும் பெரும்பாலும் இல்லை. உடலுக்குப் பயிற்சியாளர் உண்டு, மசாஜ் செய்கிறவர் உண்டு, எலும்பு வைத்தியர் உண்டு, மனத்துக்கு ஒருவருமில்லை.

சத்யன் நெடுநாளாக மனச்சோர்வால் அவதிப்பட்டிருந்தார் என்பது பின்னர்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. 2006ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் தேதி, நாற்பத்தொரு வயதில், சென்னைப் பல்லாவரத்தில் அவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அது எவ்விதம் நேர்ந்தது என்பதை இங்கே விவரிக்கப் போவதில்லை. அவ்விவரம் எவருக்கும் உபகாரமாகாது, சிலருக்கு அபகாரமாகவும் முடியலாம். இன்ன காரணத்தால்தான் என்று ஒரே ஒரு காரணத்தைக் காட்டி அம்மரணத்துக்கு விளக்கம் எழுதவும் எனக்குத் துணிவில்லை. ஒரு மனிதனின் துக்கம் எப்போதும் பல வாய்க்கால்களிலிருந்து வந்து சேர்வது. ஆனால் அன்றைய சமூகத்தைப் பற்றி ஒன்று சொல்லலாம். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவனைக் குற்றவாளியாக நிறுத்தி இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு தண்டனை விதித்த காலம் அது. 2017இல் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டமே, அவ்வாறு முயன்றவன் கடும் மன அழுத்தத்தில் இருந்தவன் என்று கருதி அவனுக்குச் சிகிச்சையும் பரிவும் தர வேண்டும் என்று விதித்தது. சத்யனின் கதை மலையாளத்தில் ‘கேப்டன்’ என்ற திரைப்படமாக வந்ததும் 2018இல்தான். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அரங்குகளில் கண்ணீர் விட்டோம். அக்கண்ணீர் உண்மையானதே, ஆனால் காலங்கடந்தது.

இதற்கு நேர் எதிரான ஒரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் கோல் காவலர் ராபர்ட் எங்கே, 2009 நவம்பர் 10ஆம் தேதி இதே விதமான முடிவைத் தேடிக்கொண்டார். முதற்குழந்தையை இருதய நோய்க்குப் பறிகொடுத்து, பின்னர் ஒரு பெண் குழந்தையைச் சுவீகாரம் எடுத்திருந்த அவர், தமக்கு மனச்சோர்வு இருப்பது வெளியே தெரிந்தால் அக்குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்று அஞ்சித் தம் நோயை மறைத்து வந்தார். அவர் மறைந்த மறுநாளே அவர் மனைவி தெரெஸா பத்திரிகையாளர் முன் அமர்ந்து, நோயின் பெயரை மறைக்காமல் சொன்னார். ஹனோவர் நகரத்து ஸ்டேடியத்தில் ஏறக்குறைய நாற்பதாயிரம் பேர் அஞ்சலி செலுத்தினர். அதன்பின் ஜெர்மன் கால்பந்துச் சங்கமும், லீகும், அவர் ஆடிய ஹனோவர் கழகமும் சேர்ந்து, 2010 ஜனவரியில், அவர் பெயரால் ஒரு தர்ம ஸ்தாபனத்தை நிறுவின. மனச்சோர்வால் வருந்துகிற ஆட்டக்காரர்கள் தயக்கமின்றி வைத்தியரை நாட அது இன்றளவும் உதவி வருகிறது. மரணம் இரண்டு தேசத்துக்கும் ஒன்றாகவே வந்தது. அதிலிருந்து ஒரு தேசம் ஸ்தாபனத்தை எழுப்பியது. நாம் நினைவஞ்சலியோடு நின்றுவிட்டோம்.

இவ்விஷயத்தில் விஞ்ஞானமும் மௌனமாயில்லை. உலகத் தொழில்முறைக் கால்பந்து வீரர்களின் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2015இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களில் 38 சதவீதத்தினரும், ஓய்வு பெற்றவர்களில் 35 சதவீதத்தினரும் மனச்சோர்வின் அல்லது மனப்பதற்றத்தின் அறிகுறிகளைக் கூறியிருந்தனர். அதைவிட முக்கியமானது இன்னொன்று: மூன்றோ அதற்கு மேற்பட்டோ பலத்த காயங்கள் அடைந்தவர்களுக்கு மனநலக் கோளாறு நேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம் என்று அதே ஆராய்ச்சி கண்டது. முழங்கால் வீக்கத்துக்கும் நெஞ்சின் பாரத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பதை இதற்குமேல் எவரும் ருஜுப்படுத்த வேண்டியதில்லை.

இதையெல்லாம் கள்ளக்குறிச்சி வாசகர்களுக்கு ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அதற்குக் கல்வராயன் மலையில் காரணம் இருக்கிறது. கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணைக்கு மேலே ஏறுகிற பாதையில் வெள்ளிமலைப் பக்கம் போனால், உண்டு உறைவிடப் பள்ளிகளின் மைதானங்களில் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் மாலைதோறும் பந்து விளையாடுவதைக் காணலாம். அப்படி ஒரு மைதானத்தில் ஒரு மாலைப் பொழுதில் நின்றிருந்தேன். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் சரிவு. பந்து எல்லைக் கோட்டைத் தாண்டினால் கீழேயுள்ள மரவள்ளிக் கொல்லையில் போய்த்தான் நிற்கும். நடுப் பின்வரிசையில் வெறுங்காலோடு ஆடிய பதினான்கு வயதுப் பையன் ஒருவன், பந்தைத் தடுத்துவிட்டு எழுந்தவன், இடது பாதத்தை முழுவதும் ஊன்றாமல் நுனி விரலால் நடப்பதை அவனுடைய பி.டி. மாஸ்டர் கண்டுகொண்டார். கூப்பிட்டுப் பார்த்தால் கணுக்கால் பணியாரம் போல் வீங்கியிருக்கிறது.

“எப்பலேர்ந்துடா?” என்றார்.

“ஒண்ணுமில்ல சார். மஞ்சப்பத்து போட்டிருக்கேன். நாளான்னிக்கி செலக்ஷன்ல ஓடிடுவேன் சார்.”

மாஸ்டர் அவனைச் ‘சபாஷ்’ என்று தட்டிக் கொடுக்கவில்லை. அவனை ஓரமாகக் கல்லின் மேல் உட்கார வைத்து, காலைத் தம் மடிமேல் எடுத்து வைத்து, பக்குவமாக அமுக்கிப் பார்த்தார். “செலக்ஷன் அடுத்த வருஷமும் வரும் தம்பி. இந்தக் கால் போனா வராது. வேற என்னடா பயம் உனக்கு, சொல்லு” என்று கேட்டார். வெகு நேரம் தலையைக் குனிந்திருந்த பையன், அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னான்: “விளையாட்டு ஹாஸ்டல்ல எடம் கெடைக்கலன்னா வேலைக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க சார். அப்பா, அம்மா எல்லாம் கேரளாவுல தோட்டத்துல இருக்காங்க.”

காலின் வீக்கத்துக்கு அடியில் ஒரு குடும்பத்தின் வறுமையும், ஒரு பிள்ளையின் எதிர்காலமும், அவன் எவரிடமும் சொல்லாத அச்சமும் இருந்தன. அந்த ஆசிரியர் இரண்டாவது கேள்வியைக் கேட்டிராவிட்டால், வீக்கம் வடிந்திருக்கும், அச்சம் அப்படியே இருந்திருக்கும். விளையாட்டு விடுதித் தேர்வும், முதலமைச்சர் கோப்பைப் பந்தயமும், அரசாங்க உத்தியோகத்தில் வீரர்களுக்கு உள்ள 3 சதவீத ஒதுக்கீடும் மலைப் பிள்ளைகளுக்குப் பெரிய வாசல்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வாசல் ஒன்றே என்று ஒரு குழந்தை நம்பிவிட்டால், அது அடைபடுகிற நாளில் அக்குழந்தைக்கு நிற்க இடமில்லாமல் போகிறது. தேச சேனாபதியாய் விளங்கிய சத்யனுக்கே பாரமாய் இருந்திருக்கக்கூடிய ஒன்றைப் பதினான்கு வயதுத் தோள் எப்படிச் சுமக்கும்?

ஆகவே, இவ்வட்டாரத்தில் பிள்ளைகளை ஆட வைக்கிற ஆசிரியர்களுக்கும், கழகம் நடத்துகிற அன்பர்களுக்கும், ஆடுகிற பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வலியோடு ஆடியவனை வீரன் என்று மேடையில் புகழ்வதை நிறுத்துங்கள். அப்புகழ்ச்சியைக் கேட்டு வளருகிற பிள்ளை, வலியைச் சொல்வது அவமானம் என்று கற்றுக்கொள்கிறான், கால் வலியை மறைக்கப் பழகியவன் மன வலியையும் மறைக்கவே பழகுகிறான். ஆட்டத்தை நிறுத்திவிட்ட பழைய வீரர் உங்கள் தெருவில் இருந்தால், ஆண்டுக்கொரு முறை சால்வை போர்த்துவதோடு நிற்காமல், சும்மாவேனும் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். தூக்கமும் பசியும் குறைந்து, நண்பர்களை விட்டு ஒதுங்கி, ‘இனி என்ன இருக்கிறது’ என்று பேசத் தொடங்குகிற எவரையும் அலட்சியம் செய்யாதீர்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநல வைத்தியரைப் பார்க்கலாம். அவ்வளவு தூரம் இறங்கி வர இயலாத மலைவாசிகளும், வெட்கப்படுகிறவர்களும், 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினால், இரவானாலும் பகலானாலும் தமிழிலேயே செவிகொடுத்துக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

சத்யனுக்கு வலி பொறுக்கத் தெரிந்திருந்தது. வலியைச் சொல்லலாம் என்று அவருக்குச் சொல்ல நமக்குத் தெரிந்திருக்கவில்லை. குற்றம் அவருடையதன்று, நம்முடையது. அவருக்கு நாம் பட்ட கடனை, இன்று ஆடிக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்குத்தான் திருப்பிச் செலுத்த முடியும்.

(தொடரும்)